லெவல் ஏறுகிறது, கணக்கு ஏறுகிறதா?

கேள்வி

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 5-ஆம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருக்கிறேன். கணினி விளையாட்டு வழியாகக் கணக்குக் கற்பித்தல் என்பது நான் எடுத்திருக்கும் தலைப்பு.

ஊர்க்காரர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு டேப்லெட்டுகள் வாங்கிக் கொடுத்தார். அதில் ஒரு கணக்கு விளையாட்டை ஏற்றினேன். கார்ப் பந்தயம். வழியில் கேள்வி வரும், கீழே நான்கு விடைகள் இருக்கும், சரியானதைத் தொட்டால் கார் சீறிப் பாயும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மணி அடித்த பிறகும் "டீச்சர், இன்னும் ஒரே ஒரு லெவல்" என்று கெஞ்சுகிறார்கள். ஆனால் ஒரு மாதம் விளையாடிய பின்பும் தாளில் வகுத்தல் கணக்குக் கொடுத்தால் பழைய நிலைமைதான். 40 லெவல் தாண்டிய பையன், 84-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு நிற்கிறான்.

ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தால் குழப்பம் கூடுகிறது. ஒன்று, விளையாட்டால் கற்றல் கூடும் என்கிறது. அடுத்தது, பெரிய வித்தியாசம் இல்லை என்கிறது. என் வழிகாட்டியோ, "ரெண்டு குரூப் எடுத்துக்குங்க, ஒண்ணுக்கு ஆப் குடுங்க, இன்னொண்ணுக்குச் சாதாரணமா பாடம் நடத்துங்க, டி-டெஸ்ட் போட்டா முடிஞ்சுது" என்கிறார். அப்படிச் செய்து பட்டம் வாங்கிவிடலாம். அதனால் என் வகுப்புக்கு என்ன கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை. யார் சொல்வதை நம்புவது? என் ஆய்வை எப்படி அமைப்பது?

பதில்

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஆய்வுகளுக்குப் போகுமுன் அந்தப் பையனைக் கவனிப்போம். 40 லெவல் தாண்ட அவன் என்ன செய்திருப்பான்? கேள்வி வருகிறது, நான்கு விடைகள் தெரிகின்றன, கார் ஓடிக்கொண்டே இருக்கிறது. தவறான விடையைத் தொட்டால் கார் கொஞ்சம் தடுமாறும், பிறகு அடுத்ததைத் தொட்டுக்கொள்ளலாம். 84-ஐ 6-ஆல் மனத்துக்குள் வகுத்துக்கொண்டிருந்தால் பந்தயத்தில் பின்தங்கிவிடுவான். எது பொருத்தமாகத் தெரிகிறதோ அதைச் சட்டென்று தட்டுகிறவன்தான் முந்துகிறான். விளையாட்டு எதற்குப் பரிசு தந்ததோ அதில் அவன் நன்றாகவே தேறியிருக்கிறான். தாளில் நான்கு விடைகள் கிடையாது. ஈவை அவனே கண்டுபிடிக்க வேண்டும், மீதியை அவனே பார்க்க வேண்டும். அந்த வேலையை விளையாட்டு அவனிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

'விளையாட்டு கற்றுத்தருமா?' என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டு படித்தால் ஆய்வுகள் உங்களைக் குழப்பத்தான் செய்யும். இந்த விளையாட்டில் வெல்வதற்குப் பிள்ளை எதைச் செய்தாக வேண்டும், அது நாம் கற்பிக்க நினைத்த கணக்குதானா என்று கேட்டுக்கொண்டு படியுங்கள். முரண்பட்டு நிற்பதாகத் தோன்றியவை பெரும்பாலும் ஒரே பக்கம் வந்து சேர்வதைப் பார்ப்பீர்கள்.

இதை நேரடியாகவே சோதித்தவர்கள் ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் ஏன்ஸ்வொர்த் என்ற இருவர். ஹாப்குட் கணினி விளையாட்டு தயாரிக்கும் தொழிலில் இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். இங்கிலாந்தில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்காக அவர்கள் செய்த விளையாட்டின் பெயர் 'ஸோம்பி டிவிஷன்'. எலும்புக்கூடுகள் எதிர்த்து வரும். ஒவ்வொன்றின் மார்பிலும் ஓர் எண். வீரனின் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஓர் எண் உண்டு. மார்பில் உள்ள எண் அந்த எண்ணால் மீதியின்றி வகுபட்டால் எலும்புக்கூடு பிளந்து விழும். வகுபடாவிட்டால் அது திருப்பி அடிக்கும். சண்டை போடுவதும் வகுத்துப் பார்ப்பதும் ஒரே செயல். கணக்கை எடுத்துவிட்டால் அங்கே விளையாட்டே இல்லை.

அதே விளையாட்டை இன்னொரு வடிவத்திலும் செய்தார்கள். எலும்புக்கூடுகளின் மார்பில் எண் இருக்காது, எந்த ஆயுதம் என்று காட்டும் குறி மட்டும் இருக்கும். வகுத்தல் கேள்விகளெல்லாம் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தனியாக வரும். உங்கள் கார்ப் பந்தயமும் இந்த இனம்தான். கணக்கே இல்லாத மூன்றாவது வடிவம் ஒன்றும் இருந்தது. 58 பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வடிவத்தை 2 மணி நேரம் விளையாடினார்கள். வகுப்பாசிரியரும் உடனிருந்து உதவினார். செலவான நேரம் எல்லோருக்கும் ஒன்றே என்றாலும், எண் மார்பிலேயே இருந்த வடிவத்தை விளையாடியவர்கள்தான் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். பிறகு 16 பிள்ளைகளிடம் இரண்டு வடிவங்களையும் கொடுத்து, விருப்பப்பட்டதை விளையாடலாம் என்று விட்டபோது, கணக்கு உள்ளே கலந்திருந்த வடிவத்தில் ஏழு மடங்கு நேரம் செலவிட்டார்கள். 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அந்த ஏழு மடங்கை அப்படியே எங்கும் பொருத்த முடியாது. ஆனாலும் 2011-இல் வெளியான இந்த ஆய்வை உங்கள் ஆய்வேட்டின் முதுகெலும்பாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். பாடத்தைக் கசப்பு மருந்தாகவும் விளையாட்டை அதன்மேல் தடவும் சர்க்கரையாகவும் நினைத்துச் செய்யப்படும் செயலிகள்தான் கடைத்தெருவில் அதிகம். பிள்ளைகள் சர்க்கரையை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடுகிறார்கள்.

இந்தச் சிந்தனைக்கு வேர் 1980-இலேயே இருக்கிறது. தாமஸ் மலோன் என்பவர் ஸ்டான்ஃபோர்டில் தம் முனைவர் பட்டத்துக்காக, கணினி விளையாட்டில் பிள்ளைகளை இழுப்பது எது என்று ஆராய்ந்தார். எண்கோட்டில் பலூன்கள் கட்டியிருக்கும். பலூன் இருக்கும் இடத்தைப் பின்னத்தில் ஊகித்துச் சொன்னால் அம்பு போய் அதை உடைக்கும். அந்த ஒரே விளையாட்டிலிருந்து இசை, அம்பு, கற்பனை என ஒவ்வோர் அம்சமாக எடுத்துவிட்டு, எட்டு வடிவங்களைச் செய்து 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தார். அம்பு பலூனைக் குத்தும் கற்பனை பையன்களுக்குப் பிடித்திருந்தது. பெண்பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. கார்ப் பந்தயத்தில் உங்கள் வகுப்பில் யார் கெஞ்சுகிறார்கள், யார் டேப்லெட்டைப் பக்கத்துப் பிள்ளையிடம் நகர்த்திவிடுகிறார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து குறித்துப் பாருங்கள். 'பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது' என்ற வாக்கியத்தை ஆய்வேட்டில் எழுதுமுன் எந்தப் பிள்ளைகளுக்கு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இனி, யாரை நம்புவது என்ற கேள்வி. தனித்தனிக் கட்டுரைகளை விட்டுவிட்டு, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகளிலிருந்து தொடங்குங்கள். டக்ளஸ் கிளார்க் குழுவினர் 2016-இல் வெளியிட்டது அதிகம் எடுத்தாளப்படுவது. விளையாட்டு வழியையும் விளையாட்டில்லா வழியையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது, விளையாட்டுப் பக்கம் 0.33 திட்ட விலக்கம் கூடுதலாக இருந்தது. 100 பேர் நிற்கும் வரிசையில் 50-ஆவது இடத்தில் இருக்கும் பிள்ளை ஏறக்குறைய 37-ஆவது இடத்துக்கு வருகிற முன்னேற்றம் அது. அலட்சியப்படுத்தக் கூடியதும் இல்லை, அற்புதமும் இல்லை. ஒரே ஒருமுறை விளையாடவிட்டுச் சோதித்த ஆய்வுகளில் இந்தப் பலன் தெரியவில்லை, பலமுறை விளையாடியவற்றில்தான் தெரிந்தது.

நெதர்லாந்தில் பீட்டர் வௌட்டர்ஸ் குழுவினர் 2013-இல் செய்த தொகுப்பாய்வும் ஏறத்தாழ இதே அளவைத்தான் காட்டியது: கற்றலில் 0.29, நினைவில் நிற்பதில் 0.36. ஆனால் அதில் ஒரு முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. கற்கும் ஆர்வத்தைப் பொறுத்தமட்டில் விளையாட்டுக்கும் வழக்கமான பாடத்துக்கும் நம்பத்தகுந்த வேறுபாடு காணப்படவில்லை. விளையாட்டு என்றாலே ஆர்வம் பொங்கும் என்பதுதானே எல்லோரும் சொல்வது! வீட்டில் பிள்ளை எந்த விளையாட்டு, எப்போது, எவ்வளவு நேரம் என்பதைத் தானே முடிவு செய்கிறது. பள்ளியில் அதெல்லாம் ஆசிரியர் கையில் இருக்கிறது. அந்த உரிமை போனதும் விளையாட்டின் ருசியில் பாதி போய்விடுகிறது என்பது நான் ஏற்கும் விளக்கம். அதே தொகுப்பாய்வில் உங்களுக்குப் பயன்படும் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. விளையாட்டோடு வேறு வகைக் கற்பித்தலும் சேர்ந்திருந்தபோது பலன் கூடியது. குழுவாக விளையாடியபோதும் கூடியது. மூன்று பேருக்கு ஒரு டேப்லெட் என்றாலும் அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

'பெரிய வித்தியாசம் இல்லை' என்ற கட்டுரைகள்? அவற்றையும் மதித்துப் படியுங்கள். ரிச்சர்ட் மேயரும் உடன் ஆய்ந்தவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 'கிரிஸ்டல் ஐலண்ட்' என்ற அழகான முப்பரிமாண விளையாட்டு. ஒரு தீவில் ஆராய்ச்சியாளர்கள் நோயுற்றுக் கிடப்பார்கள், நோய்க்குக் காரணமான கிருமியை விளையாடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். அதில் உள்ள அதே பாடத்தைப் படவில்லைகளாகப் பார்த்த கல்லூரி மாணவர்கள், தீவில் அலைந்து விளையாடியவர்களைவிட நன்றாகக் கற்றிருந்தார்கள். தீவில் நடப்பதும் ஆட்களைத் தேடுவதும் கதையைப் பின்தொடர்வதும் மனத்தின் கவனத்தைத் தின்றுவிடுகின்றன, பாடத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இதற்கு நேர்மாறாக, புரூஸ் மெக்லாரன், மேயர் முதலியோர் 2017-இல் சோதித்த 'டெசிமல் பாயிண்ட்' மிக எளிமையான விளையாட்டு: பொருட்காட்சித் திடல் போன்ற ஓர் இடத்தில் சின்னச் சின்ன ஆட்டங்கள், எல்லாமே தசம எண்களில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறுகளைக் குறிவைத்தவை. அதே கணக்குகளைச் சாதாரணக் கணினிப் பயிற்சியாகச் செய்தவர்களைவிட இதை விளையாடியவர்கள் கூடுதலாகக் கற்றார்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலும் அந்த முன்னிலை நின்றது. தீவின் பளபளப்பு இங்கே இல்லை. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறும் என்று தெரிந்தவர்கள் செய்தது என்பதுதான் இதன் பலம்.

நம் நாட்டு ஆய்வுகள் இன்னும் நெருக்கமானவை. நம் பட்ட ஆய்வேடுகளின் மேற்கோள் பட்டியலில் இவற்றை அரிதாகவே பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2000-இல் குஜராத் அரசு வடோதரா மாநகராட்சிப் பள்ளிகள் நூற்றுக்குத் தலா நான்கு கணினிகள் கொடுத்தது. 2002-இல் போய்ப் பார்த்தபோது தொடக்க வகுப்புப் பிள்ளைகள் அவற்றைத் தொடுவது அபூர்வமாக இருந்தது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் அங்கே 4-ஆம் வகுப்புக்குக் கணக்கு விளையாட்டுகளைக் கொண்டுவந்தது. வாரத்துக்கு 2 மணி நேரம், ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். அவரவர் தரத்துக்கு ஏற்ற விளையாட்டைப் போட்டுக்கொடுக்க ஊரிலேயே ஒருவரைப் பயிற்றுவித்து அமர்த்தினார்கள். அபிஜித் பானர்ஜி, ஷான் கோல், எஸ்தர் டஃப்ளோ, லீ லிண்டன் ஆகியோர் இதை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். கணக்கு மதிப்பெண் முதல் ஆண்டில் 0.35 திட்ட விலக்கமும், இரண்டாம் ஆண்டில் 0.47-உம் உயர்ந்தது. மிக நல்ல பலன். ஆனால் திட்டம் நின்று ஓராண்டு கழித்துப் பார்த்தபோது எஞ்சியிருந்தது 0.1 அளவுதான்.

அதே ஆய்வில் இன்னொரு பக்கம் 'பால்சகி' என்ற திட்டம் இருந்தது. அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த, பள்ளிப்படிப்பு முடித்த இளம்பெண்கள், பின்தங்கிய பிள்ளைகளை ஒரு நாளைக்கு 2 மணி நேரம் தனியாக உட்காரவைத்து அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பலன் இரண்டாம் ஆண்டில் 0.28. கணினியைவிடக் குறைவுதான். ஆனால் செலவைப் பாருங்கள். பால்சகிக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 107 ரூபாய், கணினிக்கு 722 ரூபாய். ஒரு ரூபாய்க்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் அந்தப் பெண்ணின் கையே ஓங்கி நிற்கிறது. நம் ஊரில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. டேப்லெட் வாங்கப் பணம் ஒதுக்கும் எவரும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கையெழுத்திட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

லிண்டன் பிறகு குஜராத்தில் ஞான்சாலா என்ற தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. கணினியில் கற்பதைப் பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாக வைத்தபோது 0.28 உயர்வு. அதே கணினியைப் பள்ளி நேரத்திலேயே, ஆசிரியர் சொல்லித்தரும் நேரத்தை எடுத்துக்கொண்டு வைத்தபோது 0.57 வீழ்ச்சி. மென்பொருள் ஒன்றுதான், அது எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதில்தான் வேறுபாடு. உங்கள் கால அட்டவணையில் கார்ப் பந்தயம் எந்தப் பாடவேளையில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் கவலைக்கு மிக அருகில் வருவது டெல்லி ஆய்வு. மோய்ரா டில்லன், எலிசபெத் ஸ்பெல்கி, டஃப்ளோ முதலியோர் 2017-இல் வெளியிட்டார்கள். பிரதம் நடத்தும் 214 மழலையர் பள்ளிகளில் 1,540 பிள்ளைகள். நான்கு மாதங்கள், திரை எதுவும் இல்லாத விளையாட்டுகள்: எந்த அட்டையில் புள்ளிகள் அதிகம், எந்த வடிவம் பொருந்தவில்லை என்பது போன்றவை. பிள்ளைகளின் எண் உணர்வும் வடிவ உணர்வும் நன்றாக வளர்ந்தன. ஓராண்டுக்குப் பிறகும் அந்த வளர்ச்சி நீடித்தது. அதே பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்து எண்களை எழுதவும் கூட்டவும் தொடங்கியபோது, மற்றவர்களைவிட எந்த முன்னிலையும் அவர்களுக்கு இல்லை. விளையாட்டில் வளர்ந்த திறனுக்கும் பலகையில் எழுதும் எண்ணுக்கும் நடுவே வழி போடப்படவில்லை. அந்த வழி தானாக உருவாகும் என்று எதிர்பார்த்தது பொய்த்தது. பின்னால் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞரான டஃப்ளோவும் முன்னணி உளவியலாளரான ஸ்பெல்கியும் சேர்ந்து செய்த ஆய்வின் இந்த ஏமாற்றமான முடிவை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அதற்காகவே அதை முழுமையாகப் படிக்க வேண்டும்.

பாயிண்ட், பேட்ஜ், தரவரிசைப் பலகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக்கேல் ஹேனஸும் ஜெஸ்ஸி ஃபாக்ஸும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இவை புகுத்தப்பட்ட கல்லூரி வகுப்பின் ஆர்வமும் இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் இவை இல்லாத வகுப்பைவிடக் குறைந்தே போயின. பாடத்தை அப்படியே வைத்துவிட்டு மேலே பேட்ஜ் குத்துவதை விளையாட்டு வழிக் கற்றல் என்று ஆய்வேட்டில் குறிப்பிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

விளையாட்டு முடிந்த பிறகு வகுப்பில் என்ன நடக்கிறது என்பது விளையாட்டைவிடக்கூட முக்கியமாக இருக்கலாம். டிலன் அரேனா, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், புள்ளியியலுக்கான ஒரு சுடும் விளையாட்டைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். எதிரிகள் எந்தப் பரவலில் வந்து விழுகிறார்கள் என்று கணிப்பதுதான் ஆட்டம். விளையாட்டு மட்டும் போதவில்லை. விளையாடிவிட்டு, அதன்பின் சிறிய விளக்கப் பாடம் ஒன்றைப் படித்தவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். விளையாட்டில் கிடைத்த அனுபவம், பின்னால் வரும் விளக்கம் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பைக் கொடுத்தது. 'இன்றைக்கு 35-க்கு 5 ஏன் சரியாக வந்தது, 37-க்கு ஏன் வரவில்லை?' என்று நீங்கள் கேட்கும் பத்து நிமிடப் பேச்சைத்தான் இங்கே சொல்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தை டேப்லெட்டால் தர முடியாது.

இப்போது உங்கள் ஆய்வு. வழிகாட்டி சொல்லும் அமைப்பில் உள்ள சிக்கல் இது: ஆப் கொடுத்த குழு முந்தினாலும், எதனால் முந்தியது என்று உங்களால் சொல்ல முடியாது. விளையாட்டாலா, புதிய கருவியின் கவர்ச்சியாலா, கூடுதல் நேரத்தாலா, நீங்கள் அந்தக் குழுவிடம் காட்டிய உற்சாகத்தாலா? ரிச்சர்ட் கிளார்க் 1983-இலேயே எழுப்பிய ஆட்சேபம் இதுதான்: கருவியை மாற்றும்போது பாடம் நடத்தும் முறையும் கூடவே மாறிவிடுகிறது, பலனைக் கருவியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இதைத் தவிர்க்க ஒரே விளையாட்டின் இரண்டு வடிவங்களை ஒப்பிடுங்கள், ஹாப்குட் செய்ததுபோல. வழிகாட்டியிடம் இதை விளக்கினால் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். இரண்டு குழு, டி-டெஸ்ட் எல்லாம் அப்படியே இருக்கும். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மட்டும் மாறும்.

விளையாட்டை நீங்களே செய்யலாம். எம்.ஐ.டி.யில் உருவான ஸ்க்ராட்ச் என்ற இலவச மென்பொருள் போதும். மாதிரிக்கு ஒன்று சொல்கிறேன். கோட்டையில் பூட்டிய கதவு, மேலே 84 என்று எழுதியிருக்கிறது. பிள்ளையிடம் 2, 3, 5, 7 என்று நான்கு சாவிகள். 2-ஐப் போட்டால், ஈவு என்ன என்று கதவு கேட்கும். தேர்ந்தெடுக்க விடைகள் தராமல் பிள்ளையே 42 என்று எழுத வேண்டும். உள்ளே 42 எழுதிய கதவு. இப்படியே 21, 7, 1 என்று போய்க் கோட்டையின் நடு அறைக்குப் போகலாம். 5-ஐப் போட்டால் மீதி 4. நான்கு காவலர்கள் வெளியே வந்து துரத்துவார்கள். மீதி என்றால் என்ன என்பதை அந்த நான்கு பேர் சொல்லிவிடுவார்கள். கடிகாரம் வேண்டாம், யோசிக்க நேரம் இருக்கட்டும். இரண்டாவது வடிவத்தில் கதவும் சாவியும் நிறத்தால் பொருந்தும், அதே வகுத்தல் கணக்குகள் கட்டத்தின் முடிவில் வரும். பிள்ளைகள் செய்யும் கணக்குகளின் எண்ணிக்கை இரண்டிலும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப்லெட் பழுதானாலும் ஆய்வு நின்றுவிட வேண்டியதில்லை. கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தது வெறும் அட்டை: வரிசையாக 1 முதல் 10 வரை கட்டங்கள். அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் மழலையர், காயை நகர்த்தும்போது கட்டத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்லி விளையாடினார்கள். இரண்டு வாரத்தில் நான்கு முறை, முறைக்குக் கால் மணி நேரம். அவர்களின் எண்ணறிவு வளர்ந்தது, 9 வாரம் கழித்தும் நின்றது. எண்ணுக்குப் பதில் நிறத்தைச் சொல்லி விளையாடியவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. சீக்லர் பின்னால் எலிடா லாஸ்கியுடன் 100 கட்டப் பலகையை வைத்துச் செய்த ஆய்வு பரமபதம் ஆடியவர்களுக்கு உடனே புரியும். 27-இல் நிற்கும் காயை 28, 29 என்று சொல்லி நகர்த்திய பிள்ளைகள் கற்றார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணி நகர்த்தியவர்கள் பெரிதாக ஒன்றும் கற்கவில்லை. பலகை அதே, ஆட்டம் அதே. வாயில் வரும் சொல் மட்டும் வேறு. வைகுண்ட ஏகாதசி இரவில் நம் வீடுகளில் எப்படி எண்ணுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் 1, 2-ஆம் வகுப்பு ஆசிரியைகளுக்கும் இதைச் சொல்லுங்கள், எண்ணும் எழுத்தும் வகுப்பில் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

குழு பிரிக்கும்போது, நன்றாகப் படிக்கிறவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடாமல் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். வகுத்தலுக்கு ஒரு பாதி முதல் வடிவத்தையும் மறுபாதி இரண்டாம் வடிவத்தையும் விளையாடட்டும். பின்னத்துக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். யாருக்கும் நல்லது கிடைக்காமல் போகாது, பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் அனுமதி கேட்கும்போது இதை முதலில் சொல்லலாம். குறைந்தது நான்கு வாரமாவது நடத்துங்கள், முதல் வாரத்துப் பரபரப்பு அடங்கிய பிறகுதான் உண்மை நிலை தெரியும். பின்தேர்வு தாளில் இருக்கட்டும், விளையாட்டில் வராத கணக்குகளோடு: 96 மாம்பழத்தை எட்டுக் கூடையில் பங்கிடுவது போன்றவை. ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் அதே தரத்தில் இன்னொரு தேர்வு. வடோதராவில் பலன் கரைந்ததை நினைத்தால் இந்த இரண்டாவது தேர்வு இல்லாத ஆய்வேட்டை நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன். இடையில் தினமும் ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்டா இந்தச் சாவி?" என்று கேட்டு, அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். டி-டெஸ்ட் காட்டாததை அந்த நோட்டு காட்டும்.

இரண்டு வடிவத்துக்கும் வேறுபாடே வரவில்லை என்றால், அதை அப்படியே எழுதுங்கள். டிராசி சிட்ஸ்மன் 2011-இல் பயிற்சி விளையாட்டுகள் பற்றிச் செய்த தொகுப்பாய்வில், பலன் காட்டிய ஆய்வுகளே அதிகம் அச்சேறுகின்றன என்பதற்கு அறிகுறி தென்பட்டது. சில பத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்யும் ஆய்வில் சிறிய பலன் கண்ணில் படாமல் போவதும் இயல்பே. அதையும் வரம்பாகக் குறிப்பிடுங்கள். பின்னிணைப்பில் விளையாட்டின் விதிகள், எல்லா எண்கள், முன்தேர்வு, பின்தேர்வுத் தாள்கள், நீங்கள் விளையாட்டுக்குப் பின் கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் விடாமல் சேருங்கள். மன்னார்குடியிலோ தென்காசியிலோ இன்னொரு 5-ஆம் வகுப்பு ஆசிரியை அதை எடுத்து, தம் பிள்ளைகளிடம் மாற்றமில்லாமல் செய்து பார்க்க முடிய வேண்டும்.